புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம்: புதிதாக வருபவர் யாரிடம், எப்போது, எப்படிக் கேட்பது?

வடசென்னையில், வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரியிலோ பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியிலோ அறிவியல் படித்தவர்கள், ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் எம்.டி. முடித்து ஆராய்ச்சிப் பக்கம் வர நினைக்கும் டாக்டர்கள், எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான். “கேன்சர் ரிசர்ச்சுக்கு யார் பணம் தருவாங்க?”

தருகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் புதியவர்கள் நிதியைக் கோட்டைவிடுவதற்கு யோசனை மோசமாக இருப்பது மட்டும் காரணமில்லை. வயது வரம்பு தாண்டிவிடுகிறது, பிஎச்.டி. முடித்து அதிக வருடம் ஆகிவிடுகிறது, நிரந்தர வேலை இல்லை, டீன் கையெழுத்து வரவில்லை. விண்ணப்பத்தின் அறிவியல் பகுதியை யாரும் படிப்பதற்கு முன்பே இதெல்லாம் ஆளை வெளியே தள்ளிவிடும். அதனால் யோசனையைத் தேடும் அதே நாளில் நாட்காட்டியையும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆளுக்கு வரும் பணம், வேலைக்கு வரும் பணம்

ஆராய்ச்சி நிதி இரண்டு வகை. ஒன்று உங்கள் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும். அதுதான் ஃபெலோஷிப், அதாவது உதவித்தொகை. இன்னொன்று வேலைக்கு: கெமிக்கல், கருவி, உதவியாளர் சம்பளம், நோயாளி வந்துபோகும் பஸ் செலவு. இதைத்தான் கிராண்ட் அல்லது ப்ராஜெக்ட் நிதி என்கிறோம். ஃபெலோஷிப் உங்கள் பெயருக்கு வரும். கிராண்ட் உங்கள் பெயரைச் சொல்லி நிறுவனத்தின் கணக்குக்கு வரும். நிறுவனம் இல்லாத தனி ஆளுக்கு கிராண்ட் கிடையாது. “எனக்கு நல்ல ஐடியா இருக்கு, லேப் மட்டும் இல்லை” என்று வருகிறவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டையும் சேர்த்துத் தரும் திட்டங்களும் உண்டு. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் ஃபேக்கல்டி அப்படிப்பட்டது: மாதம் ரூ.1,25,000 சம்பளம், ஆண்டுக்கு ரூ.7 லட்சம் ஆராய்ச்சிச் செலவு, 5 ஆண்டுகள். இந்தியா அலையன்ஸின் தொடக்கநிலை ஃபெலோஷிப்பும் இதே ரகம். அது மத்திய உயிரித்தொழில்நுட்பத் துறையும் லண்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து நடத்துவது. சம்பளமும் தரும், வேலைக்கும் தரும். போட்டி கடுமை. முதல் விண்ணப்பம், முழு விண்ணப்பம், வெளி நிபுணர்களின் மதிப்பீடு, கடைசியில் நேர்காணல் என்று நீளும். கல்லூரி மதிப்பெண்ணைவிட உங்கள் கேள்வி எவ்வளவு கூர்மையானது என்பதைப் பார்ப்பார்கள். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் “நமக்கெல்லாம் எங்கே” என்று இதைத் தொடாமலே விடுவது வருத்தம்.

எந்தக் கட்டத்தில் எது

எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமான ஐ.சி.எம்.ஆரின் குறுங்கால மாணவர் திட்டம் இருக்கிறது. எஸ்.டி.எஸ். என்றால் எல்லாக் கல்லூரியிலும் தெரியும். இரண்டு மாத வேலை, ஒரு கைடு, கடைசியில் ஒரு அறிக்கை. தொகை சிறியதுதான். ஆனால் ஒரு கேள்வியை எழுதி, எதிக்ஸ் கமிட்டியில் (ஆய்வு நெறிமுறைக் குழு) நின்று பதில் சொன்ன அனுபவம் முதல்முறையாக இங்கேதான் கிடைக்கும். கலை அறிவியல் கல்லூரி மாணவர்களுக்கு தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் ப்ராஜெக்ட்டுக்கு சில ஆயிரம் ரூபாய் தருகிறது. அதை வாங்கிச் செலவழித்துக் கணக்குக் காட்டியவருக்குப் பின்னால் லட்சக்கணக்கில் கணக்குக் காட்டுவது பயமாக இருக்காது.

எம்.எஸ்சி. முடித்தவர்களுக்கு அடுத்த வாசல் ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை. சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் லைஃப் சயின்சஸ் தாள் எழுத வேண்டும். பொதுப்பிரிவுக்கு 30 வயது வரை. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் தளர்வு உண்டு. 2023 ஜனவரியிலிருந்து முதல் 2 ஆண்டு மாதம் ரூ.37,000, பிறகு எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை) ஆனதும் ரூ.42,000. வீட்டு வாடகைப்படி தனி. சென்னை முதல் வகுப்பு நகரம் என்பதால் அது 30%. தேர்வில் ஜெயித்ததோடு வேலை முடிந்துவிடாது. ஜே.ஆர்.எஃப். கடிதத்துக்குக் காலாவதித் தேதி உண்டு, அதற்குள் பிஎச்.டி.க்குப் பதிவுசெய்து சேர்ந்தாக வேண்டும். தேர்வு எழுதும்போதே கைடு தேடத் தொடங்குகிறவர் தப்பித்துக்கொள்கிறார். ஐ.சி.எம்.ஆரும் உயிரித்தொழில்நுட்பத் துறையும் தனித்தனியே ஜே.ஆர்.எஃப். தருகின்றன. ஒன்றை மட்டும் நம்பி உட்கார வேண்டியதில்லை.

ஜே.ஆர்.எஃப். கிடைக்காதவர்களுக்கு மாநில அரசின் கதவுகள் இருக்கின்றன. முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை ஒன்று. ஆதிதிராவிடர், பழங்குடியினர் முழுநேர பிஎச்.டி. மாணவர்களுக்கான ஊக்கத்தொகை இன்னொன்று. இரண்டாவதற்கு சாதிச் சான்று, வருமானச் சான்று, கைடின் கையெழுத்து, கல்லூரி முதல்வரின் முத்திரை எல்லாம் ஒரே நேரத்தில் கையில் இருக்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்துக்கு ஓடினால், சான்று வருவதற்குள் கடைசித் தேதி போய்விடும்.

பிஎச்.டி. முடிந்த உடனே வருவது போஸ்ட்டாக். ஏ.என்.ஆர்.எஃப்.பின் தேசிய போஸ்ட்டாக்டரல் ஃபெலோஷிப் 2 ஆண்டு. 35 வயது வரை, தளர்வு உண்டு. உதவித்தொகையோடு ஆண்டுக்கு ரூ.2 லட்சம் ஆராய்ச்சிச் செலவுக்கு. (ஏ.என்.ஆர்.எஃப். என்றால் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை. பழைய எஸ்.இ.ஆர்.பி.யின் இடத்துக்கு 2023 சட்டம் மூலம் வந்தது. சீனியர்கள் இன்னும் “செர்ப் கிராண்ட்” என்றுதான் சொல்வார்கள். குழம்ப வேண்டாம்.)

உதவிப் பேராசிரியர் போல நிரந்தர வேலையில் சேர்ந்துவிட்டால் பெரிய வாசல் திறக்கும். ஏ.என்.ஆர்.எஃப்.பின் பிரதம மந்திரி தொடக்கநிலை ஆராய்ச்சி மானியம் 3 ஆண்டுக்கு ரூ.60 லட்சம் வரை தருகிறது. நிறுவனத்துக்கான ஓவர்ஹெட், அதாவது நிர்வாகச் செலவு, அதற்கு மேல். வயது வரம்பு 42. பிஎச்.டி. மட்டுமில்லை, எம்.டி., எம்.எஸ்., எம்.டி.எஸ். படித்தவர்களும் கேட்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி இளம் டாக்டர்கள் பலருக்கு இது தெரிவதே இல்லை. கல்யாணம், குழந்தை என்று சில வருடம் விட்டுப்போன பெண்களுக்கு அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-கிரண் திட்டங்கள் தனியாக இருக்கின்றன. அங்கே இடைவெளி ஒரு குறையே இல்லை.

ஒரு விண்ணப்பத்தைப் பிரித்துப் பார்ப்போம்

வடசென்னைக்குப் பொருந்தும் ஒரு கற்பனைத் திட்டம்: வாய்ப்புற்று நோயாளிகளின் திசுவில் ஒரு குறிப்பிட்ட புரதம் எத்தனை பேருக்கு இருக்கிறது, அது கழுத்து நிணநீர்க் கணுக்களுக்கு நோய் பரவுவதோடு சேர்ந்து வருகிறதா என்று பார்ப்பது.

மதிப்பீட்டாளர் முதலில் கைவைப்பது எண்ணிக்கையில். “100 நோயாளிகள்” என்று மொட்டையாக எழுதினால் “ஏன் 100?” என்று கேட்பார். கணக்கு இப்படி வர வேண்டும். அந்தப் புரதம் பாதிப் பேருக்கு இருக்கும் என்று எதிர்பார்க்கிறோம், கூடக்குறைய 10 சதவீதப் புள்ளி துல்லியம் போதும், 95% நம்பிக்கை வேண்டும் என்றால்: 1.96 × 1.96 × 0.5 × 0.5 ÷ (0.1 × 0.1) = 96 பேர். பத்தில் ஒரு மாதிரி கெட்டுப்போகும் என்று வைத்துக்கொண்டால் 96 ÷ 0.9, அதாவது 107. இது முதல் கேள்விக்கான எண் மட்டுமே. நிணநீர்க் கணுவோடு உள்ள தொடர்பைப் பார்க்க, இரண்டு குழுக்களை ஒப்பிடும் கணக்கைத் தனியாகப் போட்டு, எது பெரிதோ அதை எடுக்க வேண்டும். இதைப் புள்ளியியல் தெரிந்தவரோடு உட்கார்ந்து செய்யுங்கள். பெயரை மட்டும் இணை ஆய்வாளராகப் போட்டுவிட்டு அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் விடுவது கமிட்டி முன்னால் பல்லிளிக்கும்.

107 பேர் என்றே வைத்துக்கொள்வோம். எத்தனை மாதம் ஆகும்? ஓ.பி.யில் மாதம் 8 பேர் தகுதியானவர்கள் வருகிறார்கள், அதில் 5 பேர் சம்மதிக்கிறார்கள் என்றால் 22 மாதம். மூன்றாண்டுத் திட்டத்தில் ஆள் எடுக்கவும் பொருள் வாங்கவும் முதல் 6 மாதம் போய்விடும். கடைசி 6 மாதம் கணக்குப் பார்க்கவும் எழுதவும் வேண்டும். மீதி 24. ஆக, இந்தத் திட்டம் மயிரிழையில்தான் தப்பும். மாதம் 3 பேர்தான் சம்மதிப்பார்கள் என்றால் 36 மாதம் ஆகிவிடும். அப்போது இரண்டாவதாக ஒரு மருத்துவமனையைச் சேர்த்தாக வேண்டும். இந்த ஒரு பத்தி விண்ணப்பத்தில் இருந்தாலே மதிப்பீட்டாளர் நிமிர்ந்து உட்காருவார். ஓ.பி. பதிவேட்டில் போன ஆண்டு உண்மையில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்து எழுதுங்கள். மனதில் தோன்றும் எண்ணிக்கை எப்போதும் கூடுதலாகவே இருக்கும்.

இதே திட்டத்தில் காசிமேட்டில் ஒரு வாய்ப் பரிசோதனை முகாமும் வைக்க நினைத்தால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விசைப்படகில் போகிறவர்கள் கரையில் இருக்கும் 61 நாள் அது. மற்ற மாதங்களில் காலை 10 மணிக்கு முகாம் போட்டால் பந்தலும் நாற்காலியும்தான் மிஞ்சும். புதிய நிதியாண்டின் பணம் ஏப்ரலில் கைக்கு வருவது அபூர்வம். முகாமை முதல் ஆண்டில் வைக்காமல் இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளுவதே புத்திசாலித்தனம்.

அடுத்தது முன்தரவு. “இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள்?” என்ற கேள்விக்குப் புதியவரிடம் பதில் இருக்காது. அதைக் குறைந்த செலவில் உண்டாக்க ஒரு வழி: நோய்க்குறியியல் துறையில் பழைய நோயாளிகளின் திசுவை மெழுகில் பதித்த பிளாக்குகள் அடுக்கடுக்காக இருக்கும். எதிக்ஸ் அனுமதியோடு 15, 20 பிளாக்கை வெட்டி, ஒரே ஒரு ஆன்டிபாடியில் (அந்தப் புரதத்தை மட்டும் பிடித்துக் காட்டும் பொருள்) சாயமேற்றிப் பார்க்கலாம். புரதம் பார்க்க இது போதும். ஆர்.என்.ஏ. பார்க்க நினைத்தால் பழைய பிளாக் காலை வாரிவிடும். ஃபார்மலினும் காலமும் சேர்ந்து அதைத் துண்டு துண்டாக்கியிருக்கும். அதற்குப் புதுத் திசு வேண்டும். வெட்டி எடுத்த அரைமணி நேரத்துக்குள் உறைய வைக்கவோ, காப்புத் திரவத்தில் போடவோ வேண்டும். ஆபரேஷன் தியேட்டரில் யார் அதைச் செய்வார், பெட்டியை யார் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓடுவார் என்பதையும் எழுதுங்கள். “மாதிரிகள் சேகரிக்கப்படும்” என்று எழுதிவிட்டால் அந்த வேலை யார் தலையிலும் விழாது.

பிறகு பட்ஜெட். ஒரு ஜே.ஆர்.எஃப். வைத்துக்கொண்டால் மாதம் 37,000 + 30% = ரூ.48,100. இரண்டு ஆண்டுக்கு ரூ.11,54,400. மூன்றாம் ஆண்டில் எஸ்.ஆர்.எஃப். ஆனால் மாதம் ரூ.54,600, ஆண்டுக்கு ரூ.6,55,200. மொத்தம் ரூ.18,09,600. வாடகைப்படியை மறந்து வெறும் 37,000-ஐப் பெருக்கிப் போடுகிறவர்கள் நிறைய. அப்புறம் மூன்றாம் ஆண்டின் நான்காவது மாதத்திலேயே ஸ்காலருக்குச் சம்பளம் இல்லாமல் போகும். கருவிக்கு 11 லட்சம், கெமிக்கலுக்கும் ஆன்டிபாடிக்கும் 20 லட்சம், வெளி லேபில் செய்யும் சோதனைக்கு 5 லட்சம், பயணம் ஒன்றரை, சில்லறைச் செலவு ஒன்றரை என்று போட்டால் ரூ.57.1 லட்சம் வரும். 60 லட்சம் உச்சவரம்பு என்பதால் சரியாக 60-க்கு இழுத்து நிரப்பத் தேவையில்லை. அதற்காக மிகக் குறைத்துக் கேட்பதும் தப்பு. “இந்தப் பணத்தில் இவரால் செய்ய முடியாது” என்று அதற்காகவே நிராகரிப்பார்கள். ஒவ்வொரு வரிக்கும் கொட்டேஷன் வாங்கி வையுங்கள், ஜி.எஸ்.டி. சேர்த்து.

மைனஸ் 80 டிகிரி ஃப்ரீஸர் கேட்டால் அதோடு ஸ்டெபிலைசர், மாற்று மின்சாரம், வெப்பம் ஏறினால் போனுக்குச் செய்தி அனுப்பும் அலாரம் எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். தரைத்தளத்தில் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாமில் இந்தப் பக்கம் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கேட்ட ஃப்ரீஸர் ஏற்கெனவே பக்கத்து டிபார்ட்மெண்டில் இருந்தால், புதிதாகக் கேட்காமல் அவர்களிடம் ஒரு தட்டு இடம் கேட்டுக் கடிதம் வாங்கி இணைப்பது மேல்.

காகிதங்கள்

இளம் ஆய்வாளர் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். நிறுவனத் தலைவரின் ஒப்புதல் சான்று லெட்டர்ஹெட்டில், நிதி தருபவர் கொடுத்த வாசகத்தை ஓர் எழுத்து மாற்றாமல், கையெழுத்தும் முத்திரையும் தேதியுமாக வேண்டும். டீன் ஊரில் இல்லாத வாரம்தான் கடைசித் தேதி வரும் என்று வைத்துக்கொண்டு பத்து நாள் முன்பே வாங்கிவிடுங்கள்.

மனிதர்களையோ அவர்கள் திசுவையோ தொடும் எந்த வேலைக்கும் எதிக்ஸ் கமிட்டி அனுமதி வேண்டும். அந்தக் கமிட்டி மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவானதா, பதிவு காலாவதியாகவில்லையா என்று பாருங்கள். சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும். ஆங்கிலத்திலிருந்து அப்படியே மாற்றிய, நோயாளிக்குப் புரியாத தமிழைக் கமிட்டியில் உள்ள பொது உறுப்பினரே திருப்பி அனுப்புவார். “திசு” என்றால் பலருக்கு விளங்காது. “ஆபரேஷனில் எடுக்கும் கட்டியிலிருந்து ஒரு சின்னத் துண்டு” என்று எழுதினால் விளங்கும். மருந்தோ சிகிச்சையோ கொடுத்துப் பார்க்கும் ஆய்வானால் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பிறகு ஏற்றலாம் என்று விட்டால், கட்டுரையை நல்ல இதழ் எதுவும் வாங்காது. எலி, சுண்டெலி என்றால் விலங்கு எதிக்ஸ் கமிட்டி தனி. வெளிநாட்டுப் பணமோ வெளிநாட்டுக் கூட்டாளியோ இருந்தால் சுகாதார அமைச்சகத்தின் ஆய்வுக் குழு அனுமதியும், பணம் உள்ளே வர எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) நிலைமையும் பார்க்க வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

கலைக் கல்லூரியிலிருந்து விண்ணப்பிக்கிறவருக்கு நோயாளிகள் இல்லை, மருத்துவமனை டாக்டருக்கு நேரம் இல்லை. இருவரும் சேர்ந்து கேட்பதே இயல்பு. யார் பி.ஐ. (முதன்மை ஆய்வாளர்), யார் இணை ஆய்வாளர், மாதிரி யாருக்குச் சொந்தம், கட்டுரையில் யார் பெயர் முதலில் என்பதைப் பணம் வருவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். சொந்தமாகத் திசு சேகரிக்க வழியில்லாதவர்கள் ஐ.ஐ.டி. மெட்ராஸில் உள்ள தேசியப் புற்றுநோய்த் திசு வங்கியிடம் முறையாகக் கேட்டுப் பார்க்கலாம். செல் லைன் (லேபில் தொடர்ந்து வளர்க்கும் செல்கள்) வேண்டுமென்றால் புனேயின் தேசிய செல் அறிவியல் மையத்திடம் வாங்குங்கள். பக்கத்து லேபில் சும்மா வாங்கும் குப்பியில் என்ன செல் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அரசு டாக்டர்களுக்கு இன்னொரு தலைவலி, இடமாற்றம். திட்டம் ஓடும்போது பி.ஐ. வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டால், நிதி தந்தவர் அனுமதியோடு பி.ஐ. பெயரை மாற்ற வேண்டும் அல்லது திட்டத்தையே நகர்த்த வேண்டும். அதனால் அதே கல்லூரியில் ஓர் இணை ஆய்வாளர், முடிந்தால் மருத்துவம் சாராத நிரந்தர ஆசிரியர், கட்டாயம் இருக்கட்டும்.

பணம் வந்த பிறகு

ஒப்புதல் கடிதம் வந்ததும் ஸ்வீட் வாங்கலாம், ஆன்டிபாடி வாங்க முடியாது. திட்டத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, பி.எஃப்.எம்.எஸ். என்ற மத்திய அரசு நிதிக் கண்காணிப்புத் தளத்தில் பதிவு, ஸ்காலர் பணியிட விளம்பரம், நேர்காணல் எல்லாம் முடிய வேண்டும். அதற்காகத்தான் முதல் 6 மாதத்தைக் கணக்கில் தள்ளினோம். பொருள் வாங்க ஜெம் என்ற அரசுக் கொள்முதல் தளம், கொட்டேஷன் ஒப்பீடு, கொள்முதல் கமிட்டி என்று தொகைக்குத் தக்கபடி படிகள் உண்டு. மாநிலக் கல்லூரிக்குத் தமிழ்நாட்டின் டெண்டர் சட்டமும் சேர்ந்துகொள்ளும். அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் அண்ணனையோ அக்காவையோ முதல் வாரமே போய்ப் பார்த்து, எந்த பில் எந்த வடிவத்தில் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்வது மூன்றாண்டுக்கும் உதவும்.

பணம் தவணையாகத்தான் வரும். முதல் தவணையின் செலவுக் கணக்கும் பயன்பாட்டுச் சான்றும் போனால்தான் இரண்டாவது நகரும். அந்தச் சான்றுக்கு 12-ஏ என்ற படிவம்; பி.ஐ., கணக்கு அதிகாரி, நிறுவனத் தலைவர் மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். மார்ச் 31-ஐ வைத்துக் கணக்கு முடியும். பல திட்டங்களில் அன்றைக்குச் செலவாகாமல் நிற்கும் பணம் அரசுக்கே திரும்பிவிடும். அதைக் கேட்டு மீண்டும் வாங்கலாம், ஆனால் சில மாதம் கை வறண்டு போகும். மார்ச் கடைசியில் அவசரமாக ஐந்து ஆண்டுக்குப் போதுமான பிளாஸ்டிக் குழாய்கள் வாங்கி அலமாரியில் அடுக்குவது ஊரறிந்த வழக்கம். தணிக்கையாளருக்கும் அது தெரியும்.

ஒரு தலைப்பில் வந்த பணத்தை இன்னொரு தலைப்பில் செலவழிக்க முன்அனுமதி வேண்டும். பயணப் பணம் மீதமிருக்கிறது என்று அதில் ஆன்டிபாடி வாங்கிவிட்டால், வாங்கிய பொருள் உண்மையாக இருந்தாலும் அந்த பில் ஏற்கப்படாது. அனுமதிக்கு ஒரு பக்கக் கடிதம் போதும், ஆனால் செலவுக்கு முன்னால் போக வேண்டும்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் மதிப்பீட்டாளர் குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள். “எண்ணிக்கை போதாது”, “முன்தரவு இல்லை” என்றால் சரிசெய்து அடுத்த அழைப்பில் போடலாம். “புதுமை இல்லை” என்றால் கேள்வியையே மாற்ற வேண்டும். சொற்களை மாற்றினால் போதாது. நோயாளிகளை வைத்துச் செய்யும் ஆய்வின் திட்டத்தை எழுதவே பயிற்சி வேண்டுமென்றால், மும்பை டாடா மெமோரியலும் தேசியப் புற்றுநோய் வலையமைப்பும் நடத்தும் க்ரெடோ பட்டறைக்கு விண்ணப்பியுங்கள். பாதி வெந்த திட்டத்தோடு போய், நிபுணர்களோடு உட்கார்ந்து முழு வரைவோடு திரும்பலாம்.

திட்டம் முடிந்ததும் கடைசி அறிக்கை, கடைசிப் பயன்பாட்டுச் சான்று, மீதிப் பணத்தைத் திருப்பிய ரசீது, கருவிப் பட்டியல் நான்கும் போக வேண்டும். ஃப்ரீஸர் பொதுவாகக் கல்லூரிக்கே நிற்கும். இருப்புப் பதிவேட்டில் வரிசை எண்ணோடு ஏற்றிய பக்கத்தை நகல் எடுத்து நீங்களும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கிராண்ட் கேட்கும்போது “ஏற்கெனவே உள்ள வசதிகள்” என்ற கட்டத்தில் முதல் வரி அதுதான்.